கன் தீவு: ஊர் இல்லாத ஓடுதளம்

மாசிக் கருவாட்டைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசி இல்லாமல் சம்பல் ஏது? அந்த மாசி எந்தெந்தத் தீவிலிருந்து, எந்த வழியில் கொழும்புக்கு வந்தது என்று தேடிக்கொண்டே போனதில், கடைசியில் ஒரு விமானத் தளத்தில் வந்து நின்றுவிட்டேன். மாசி அப்படியே கிடக்கிறது. இந்தத் தளத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதிலும் மாசி வரும்.

மாலத்தீவின் வரைபடத்தைப் பார்த்திருப்பீர்கள். தெற்கு வடக்காக ஒரு பாசிமணி மாலையை விரித்துப் போட்டது போல இருக்கும். அந்த மாலையின் தென்கோடியில், நிலநடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே இருக்கிற பவளத்தீவுக் கூட்டத்துக்கு அட்டூ என்று பெயர். தலைநகர் மாலேயிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அட்டூவின் தென்முனையில் இருக்கும் தீவுதான் கன். துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்கிறோமோ ஏறக்குறைய அதே ஓசை. ஆனால் சொல்லுக்கும் துப்பாக்கிக்கும் சம்பந்தம் கிடையாது. 'கிராமம்' என்ற சமஸ்கிருதச் சொல்தான் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது என்கிறார்கள்.

பெயர்தான் கிராமம். இன்றைக்கு அங்கே கிராமம் கிடையாது. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஓடுதளம்தான் கிடக்கிறது. அந்த ஊருக்கு என்ன ஆச்சு என்பதுதான் கதை.

முதலில் போர்க்காலம். 1941 வாக்கில், ஜப்பான் எந்த நேரமும் போரில் குதிக்கலாம், சிங்கப்பூர் நிலைக்குமோ நிலைக்காதோ என்ற கவலை பிரிட்டிஷ் கடற்படைக்கு வந்துவிட்டது. திருகோணமலையும் கொழும்பும் எதிரிக்குத் தெரிந்த துறைமுகங்கள். எதிரிக்குத் தெரியாத ஒன்று வேண்டும். அட்டூவில் தீவுகள் வளையமாக நிற்க, நடுவே ஆழமான உட்கடல் இருக்கிறது. பெரிய பெரிய கப்பல்கள் உள்ளே போய் நங்கூரம் போடலாம். வெளியே கடலில் போகிறவனுக்குத் தென்னந்தோப்புதான் தெரியும். இதற்கு 'போர்ட் டி' என்று ரகசியப் பெயர் வைத்து, எண்ணெய்க் கிடங்கு, பீரங்கி எல்லாம் கொண்டுவந்து இறக்கினார்கள். கன் தீவில் ஒரு விமான ஓடுதளமும் போட்டார்கள்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது அந்த ஏப்ரல் 9 இல்தான். இந்தக் கதையை இலங்கைக்காரர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் இது: பெரிய கப்பற்படை அப்போது எங்கே இருந்தது? அட்மிரல் சாமர்வில் தன் கப்பல்களை எண்ணெய் நிரப்ப அட்டூவுக்குக் கூட்டிப் போயிருந்தார். ஜப்பானியர் அதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அப்படி ஓர் இடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஜெர்மானியர் பிறகு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1944 மார்ச்சில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி அட்டூவின் வாசலுக்கே வந்து, வலைத் தடுப்பின் இடைவெளி வழியாக டார்பிடோ விட்டு 'பிரிட்டிஷ் லாயல்டி' என்ற எண்ணெய்க் கப்பலை அடித்தது. அந்தக் கப்பலின் உடல் இன்னும் அந்த உட்கடலில்தான் கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் முக்குளித்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

போர் முடிந்தது, எல்லாரும் கிளம்பிப் போனார்கள். தென்னை மறுபடி வளர ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடம் கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார்கள். அதற்குக் காரணம் இலங்கையின் ஒரு தேர்தல்.

1956 ஏப்ரலில் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். தமிழர்களுக்கு அந்த வருடம் என்றாலே தனிச் சிங்களச் சட்டம்தான் ஞாபகம் வரும், அதில் ஆச்சரியமில்லை. அதே அரசின் இன்னொரு முக்கியமான வேலை, பிரிட்டிஷ் படைத்தளங்களைக் காலி செய்யச் சொன்னது. 1957 அக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளம் கைமாறியது. நவம்பரில் கட்டுநாயக்க விமானத் தளம். இன்றைக்குக் கொழும்புக்கு விமானத்தில் போனால் இறங்குகிறோமே, அதே கட்டுநாயக்கதான்.

பிரிட்டனுக்கு இது பெரிய தலைவலி. இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் படையையும் சரக்கையும் கொண்டுபோக, அந்தக் காலத்து விமானங்களுக்கு வழியில் நாலைந்து இடத்தில் இறங்கி எண்ணெய் போட்டாக வேண்டும். சூயஸ் சண்டைக்குப் பிறகு அரபு நாடுகள் பலவற்றின் வானமும் மூடிக்கொண்டது. இந்தியாவையும் இலங்கையையும் நம்ப முடியாது. சைப்ரஸ், ஏடன் அல்லது பஹ்ரைன், அப்புறம் சிங்கப்பூர் என்று போக வேண்டுமென்றால் நடுக்கடலில் ஒரு கால் ஊன்றும் இடம் தேவை. பழைய கோப்பைத் திறந்தார்கள். கன் இருந்தது.

1956 டிசம்பரில் அன்றைய மாலத்தீவுப் பிரதமர் இப்ராஹிம் அலி தீதியோடு ஒப்பந்தம். நூறு வருடக் குத்தகை, வருடத்துக்கு 2,000 பவுண்டு வாடகை. திரும்பப் படித்துப் பாருங்கள், மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. மாலத்தீவு அப்போது பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த சுல்தானகம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்தத் தொகையைப் பார்த்தால், யார் கையில் பேனா இருந்தது என்பது புரியும்.

வேலை ஆரம்பமானது. தென்னை மரங்கள் வெட்டப்பட்டன. தீவில் பௌத்த காலத்து இடிபாடு ஒன்று மேடாக இருந்தது. மாலத்தீவு இஸ்லாத்துக்கு மாறியது 12 ஆம் நூற்றாண்டில், அதற்கு முந்தையது அது. இலங்கைத் தொல்லியல் துறையில் இருந்த எச்.சி.பி. பெல் 1922 இல் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்த மேட்டையும் சமப்படுத்தி ஓடுதளத்தில் சேர்த்துவிட்டார்கள். பெல் மட்டும் போகாமல் இருந்திருந்தால் அப்படி ஒன்று இருந்ததற்கே சாட்சி இருந்திருக்காது.

ஊர் மக்களை என்ன செய்தார்கள்? கன் மக்களை அடுத்த தீவான ஃபேதூவுக்கு அனுப்பினார்கள். ஃபேதூவில் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள், இடம் பற்றவில்லை. அதனால் ஃபேதூக்காரர்களில் ஒரு பகுதியை அதற்கடுத்த மரதூ தீவுக்கு அனுப்பினார்கள். பேருந்தில் உட்கார்ந்திருப்பவர்களைத் "தள்ளி உட்காருங்க, தள்ளி உட்காருங்க" என்று சொல்வது மாதிரி மூன்று தீவு ஜனங்களையும் நகர்த்தியிருக்கிறார்கள். மரதூ தீவின் ஒரு பகுதிக்கு இன்றைக்கும் 'மரதூ-ஃபேதூ' என்றுதான் பெயர். திவேஹி மொழியில் 'தூ' என்றால் தீவு. தீவுக்குள் தீவு வைத்த அந்த விசித்திரமான பெயர் 1957 இல் நடந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, தளம் எப்படி இயங்கியது என்று பார்ப்போம். எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கன்னில் போர் விமானப் படைப்பிரிவு எதுவும் நிரந்தரமாக நிறுத்தப்படவில்லை. அது ஒரு சத்திரம். வருகிற விமானத்துக்கு எண்ணெய், ஆட்களுக்குச் சாப்பாடு, குளிக்க இடம், ரிப்பேர், வானிலைத் தகவல், பிறகு வழியனுப்பு. ஆரம்பத்தில் ஹேஸ்டிங்ஸ், அப்புறம் பிரிட்டானியா, காமெட், 1960களின் பிற்பாதியில் விசி-10 என்று போக்குவரத்து விமானங்கள் இரவும் பகலும் வந்து போயின. 1963 இலிருந்து 1966 வரை மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே மோதல் நடந்தபோது கூட்டம் இன்னும் அதிகம். போர்னியோ காட்டுக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் கன் மண்ணில் ஒன்றிரண்டு மணி நேரம் கால் நீட்டிவிட்டுத்தான் போனார்கள்.

இப்போது ஒரு விமானியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து கன் வரை ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். சுமத்ராவைத் தாண்டினால் அப்புறம் கீழே தண்ணீர்தான். செயற்கைக்கோள் வழிகாட்டி எல்லாம் கிடையாது. நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவது, தளத்தின் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டு வருவது, இவ்வளவுதான். பாதி வழிக்குப் பிறகு ஓர் இடம் வரும். அதைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக எண்ணெய் போதாது, முன்னால் போயே ஆக வேண்டும். முன்னால் இருப்பதோ ஒரே ஒரு ஓடுதளம். மழை கொட்டி அது தெரியாமல் போனால்? வேறொரு விமானம் டயர் வெடித்து ஓடுதளத்தில் குறுக்கே நின்றால்? அருகிலிருக்கும் பெரிய தளம் கட்டுநாயக்க, அதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இந்த மாதிரித் தனித்தீவுத் தளங்களுக்குப் போகும்போது, வேறு தளம் தேடிப் போவதற்கான எண்ணெய்க்குப் பதிலாகத் தீவுக்கு மேலேயே வட்டமடித்துக் காத்திருக்கக் கூடுதல் எண்ணெய் கொண்டுபோவது வழக்கம். மேகம் விலகட்டும், பாதை ஒழியட்டும் என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் சத்திரத்தோடு மீட்புப் பணியும் ஒட்டிக்கொண்டது. கடலில் விழுந்தால் தேடிப் போக ஆள் இல்லாமல் இப்படி ஒரு பாதையை நடத்தவே முடியாது. சிங்கப்பூர் சாங்கித் தளத்தில் இருந்த 205 ஆவது படைப்பிரிவின் ஷாக்கிள்டன் விமானங்களில் ஒன்று முறைவைத்துக் கன்னுக்கு வந்து தயார் நிலையில் நிற்கும். நான்கு எஞ்சின் விமானம். வேகம் கிடையாது, காதைப் பிளக்கும் சத்தம். ஆனால் மணிக்கணக்கில் கடல் மேல் தாழப் பறந்து தேடும். தேடுகிற வேலைக்கு வேகத்தைவிடப் பொறுமைதானே முக்கியம். ஆட்கள் கண்ணில் பட்டால் மிதவைப் படகும் உணவும் போடும். உட்கடலில் விமானப்படையின் சொந்தப் படகுப் பிரிவு ஒன்று இருந்தது. விமானப்படைக்கு எதற்குப் படகு என்று எனக்கும் முதலில் தோன்றியது. பக்கத்துக் கடலில் விழுந்தவனைத் தூக்கிவர விமானத்தால் முடியாதே, அதற்குத்தான்.

தளத்தில் இருந்த பிரிட்டிஷார் பல நூறு பேர். குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. அத்தனை ஆண்களுக்கு நடுவே தளத்தில் வசித்த ஒரே பெண், படையினரின் நலனைப் பார்த்துக்கொள்ள வந்த தன்னார்வ அமைப்பின் ஊழியர். மாலை நேரப் பொழுதுபோக்கு, வீட்டுக்குக் கடிதம், பிறந்தநாளுக்குப் பூ அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவார்களாம்.

உள்ளூர்க்காரர்கள்? காலையில் தோணியில் வருவார்கள், வேலை முடிந்ததும் மாலையில் தோணியில் போவார்கள். 'தோணி' என்றே எழுதுகிறேன், அவர்களும் அதைத் 'தோனி' என்றுதான் சொல்கிறார்கள். கட்டுமானத்துக்குப் பாகிஸ்தானிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சமையல், சுத்தம், சுமை, படகு, அலுவலக எடுபிடி எல்லாம் அட்டூ மக்கள். இராத்தங்க அனுமதி இல்லை. கன்னில் பிறந்தவனும் காலையில் வந்து தன் பழைய ஊரில் கூலி வேலை பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் படகேற வேண்டும்.

ஆனால் கூலி வந்தது. இங்கேதான் கதை சிக்கலாகிறது, நான் முதலில் நினைத்த மாதிரி இல்லை. நிலத்தைப் பிடுங்கிய வெள்ளைக்காரன் மேல்தான் அந்த மக்களுக்குக் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். அவர்கள் கோபமெல்லாம் மாலேயின் மேல் இருந்தது.

இப்போது மாசிக்கு வருவோம். அட்டூ வியாபாரிகள் பரம்பரையாகத் தங்கள் பாய்க்கப்பல்களில் நேரே இலங்கைக்கு வந்து போனவர்கள். மாசி விற்று அரிசியும் துணியும் வாங்கிப் போவார்கள். தலைநகருக்கும் அவர்களுக்கும் நடுவே அகலமான கடல். அந்த நேரடி வியாபாரத்தை மாலே நெருக்கியது, எல்லாம் தலைநகர் வழியாகவே போக வேண்டும் என்றது. பிறகு கன் தளம் வந்து கையில் ரொக்கம் புரள ஆரம்பித்ததும் அதிலும் கை வைத்தது. 1957 டிசம்பரில் இப்ராஹிம் நாசிர் பிரதமரானார். நூறு வருடக் குத்தகையை ஒத்துக்கொள்ள முடியாது, காலத்தைக் குறை, பணத்தைக் கூட்டு, அதுவரை வேலையை நிறுத்து என்றார். ஒரு தேசியத் தலைவராக அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2,000 பவுண்டுக்கு நூறு வருடம் என்பதை யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? ஆனால் வேலை நின்றால் பட்டினி கிடக்கப் போவது மாலே அல்ல, அட்டூ.

1958 டிசம்பர் 31 அன்று, படகுகள் மீது புது வரி என்ற செய்தியோடு மாலே அதிகாரிகள் வந்தபோது கலவரம் வெடித்தது. தளத்துக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே தொடர்பாளராக வேலை பார்த்த அப்துல்லா அஃபீஃப் தீதி முன்கூட்டியே பிரிட்டிஷாருக்குத் தகவல் சொல்லிவிட்டார். மாலே அதிகாரிகள் பிரிட்டிஷ் குடியிருப்புக்குள் ஓடித் தப்பினார்கள். மூன்றாம் நாள், 1959 ஜனவரி 3, அட்டூ தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. வடக்கே இருந்த ஹுவதூவும் ஃபுவமுலாவும் பிறகு சேர்ந்தன. ஐக்கிய சுவாதீவுக் குடியரசு. மக்கள் தொகை ஏறக்குறைய 20,000. அதே அஃபீஃப்தான் தலைவர்.

பிரிட்டன் என்ன செய்தது? அங்கீகரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. வேலை ஆட்கள் தடையில்லாமல் வந்தார்கள், கட்டுமானம் நடந்தது, அது போதும் அவர்களுக்கு. அந்தக் குடியரசுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு கன்னில் பறந்த அந்நியக் கொடிதான். அதே சமயம் மாலேயோடும் பேச்சு நடந்தது. 1960 பிப்ரவரியில் புது ஒப்பந்தம்: நூறு வருடம் முப்பது வருடமானது, 1956 டிசம்பரிலிருந்து கணக்கு. உடனடியாக ஒரு லட்சம் பவுண்டு, வளர்ச்சிக்காகச் சில வருடங்களில் 7,50,000 பவுண்டு. நாசிர் கேட்டது ஓரளவு கிடைத்துவிட்டது. பிரிட்டனுக்குத் தளம் உறுதியாகிவிட்டது. அதற்கப்புறம் சுவாதீவு யாருக்கு வேண்டும்?

1962 பிப்ரவரியில் மாலேயின் படை ஹுவதூவின் தினதூ தீவுக்குப் போனது. வீடுகள் இடிக்கப்பட்டன, மக்கள் விரட்டப்பட்டார்கள், தீவே ஆளில்லாமல் போனது. 1966 இல்தான் மறுபடி ஆட்கள் குடியேறினார்கள். தினதூவுக்கும் கன்னுக்கும் இடையே 150 கிலோமீட்டர் கூட இல்லை. நடுக்கடலில் விழுகிற ஒரு விமானியைத் தேட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கத் தயாராக நின்ற தளம் அது. பிரிட்டன் தலையிடவில்லை. உள்நாட்டு விவகாரம், கன் ஒப்பந்தத்துக்கு வெளியே என்று சட்டப்படி ஆயிரம் பதில் சொல்லலாம். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மீட்புத் தளம் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் இப்போதெல்லாம் எனக்கு யாரை மீட்க என்று கேட்கத் தோன்றுகிறது.

1963 செப்டம்பரில் எல்லாம் முடிந்தது. அஃபீஃபையும் குடும்பத்தையும் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏற்றி செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவரை மட்டும் மீட்டார்கள் என்று சொல்லலாம். நாடு கடத்தினார்கள் என்றும் சொல்லலாம். கடைசி வரை அங்கேயே வாழ்ந்து இறந்தார். மாலத்தீவுக்குச் சுதந்திரம் 1965 ஜூலை 26 இல் வந்தது. கையெழுத்து நடந்த ஊர் கொழும்பு. கன் குத்தகை மட்டும் அப்படியே தொடர்ந்தது.

இதற்கிடையே லண்டனிலும் வாஷிங்டனிலும் உட்கார்ந்திருந்தவர்கள் கன்னிலிருந்து ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். ஜனம் இருக்கிற தீவில் தளம் வைத்தால் அரசியல் வரும். ஆகவே, ஜனம் இல்லாத தீவாகப் பார். இல்லையென்றால் இல்லாமல் ஆக்கு. 1965 நவம்பரில் சாகோஸ் தீவுகளை மொரிஷியஸிலிருந்து பிரித்துத் தனிப் பிரதேசமாக அறிவித்தது பிரிட்டன். 1968 இலிருந்து 1973 க்குள் அங்கிருந்த மக்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். டியேகோ கார்சியா அமெரிக்கத் தளமானது. கன்னுக்குத் தெற்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர்.

அந்த டியேகோ கார்சியாவுக்கும் நம்மவர்களுக்கும் ஒரு தொடர்பு பின்னாளில் வந்தது. 2021 அக்டோபர் 3 அன்று, தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கனடாவுக்கென்று கிளம்பிய ஈழத்தமிழர்களின் படகு ஒன்று நடுக்கடலில் தத்தளித்தது. பிரிட்டிஷ் கடற்படை துணைக்கு வந்து டியேகோ கார்சியாவில் சேர்த்தது. 89 பேர், அதில் 20 குழந்தைகள். மீட்புதான், சந்தேகமில்லை. ஆனால் மீட்டவர்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வேலி போட்ட கூடார முகாமில் மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலோரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதே மாதம் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றம், அவர்களை வைத்திருந்த விதம் சட்டவிரோதக் காவல் என்று தீர்ப்புச் சொன்னது. இதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும்.

கன்னுக்குத் திரும்புவோம். சூயஸுக்குக் கிழக்கே இனிப் படை இல்லை என்று பிரிட்டன் 1968 இல் முடிவெடுத்தது. சிங்கப்பூர் காலியாகிறதென்றால் சிங்கப்பூருக்குப் போகும் வழியில் சத்திரம் எதற்கு? 1971 அக்டோபர் கடைசியில் 205 ஆவது படைப்பிரிவு கலைக்கப்பட்டது, ஷாக்கிள்டன்கள் போயின. விமானங்கள் குறைந்தன. 1976 மார்ச் 29 அன்று கன்னில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. முப்பது வருடக் குத்தகையில் இன்னும் பத்து வருடம் பாக்கி இருந்தது.

அட்டூவில் அடுத்த மாதம் சம்பளம் இல்லை. ஒரு தலைமுறையே தளத்தை நம்பி வளர்ந்திருந்தது. மீன்பிடியை விட்டுப் பல வருடமானவர்கள் நிறையப் பேர். தளத்து மருத்துவர்கள் தீவு மக்களுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் போனது. மிஞ்சிய ஒரே சொத்து ஆங்கிலம். மாலேயைச் சுற்றி 1972 இலிருந்து சுற்றுலா விடுதிகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. பிரிட்டிஷ் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறிப் பழகிய அட்டூக்காரர்கள் அந்த விடுதிகளுக்கு வேலைக்குப் போனார்கள். மாலத்தீவுச் சுற்றுலாவின் முதல் தலைமுறைப் பணியாளர்களில் அட்டூக்காரர்கள் அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

1977 இல் சோவியத் யூனியன் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் தருகிறோம், தளத்தைக் கொடுங்கள் என்று கேட்டது. நாசிர் மறுத்துவிட்டார். அப்போது அவர் குடியரசுத் தலைவர். இந்த ஒரு விஷயத்தில் அந்த மனிதரை மதிக்கத் தோன்றுகிறது. தினதூவை மறக்காமலேதான் சொல்கிறேன். 1980களில் கன்னின் காலிக் கட்டடங்களில் ஹாங்காங் முதலாளிகளின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. இலங்கையிலிருந்து பெண்கள் வந்து தைத்தார்கள். ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முடிந்ததும் அவையும் மூடப்பட்டன. விமானப்படையினர் தங்கிய கட்டடங்கள் சில இப்போது சுற்றுலா விடுதி. ஓடுதளம் சர்வதேச விமான நிலையம்.

கதை இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

2010 இல் இந்தியா ஒரு துருவ் ஹெலிகாப்டரைக் கொடுத்தது. நிறுத்தின இடம் கன். அதை ஓட்டவும் பராமரிக்கவும் இந்தியப் படையினர் உடன் வந்தார்கள். பின்னர் இன்னொரு ஹெலிகாப்டர், அப்புறம் ஒரு டோர்னியர் விமானம். என்ன வேலை? தொலைதூரத் தீவில் பிரசவம் சிக்கலாகிவிட்டால், மாரடைப்பு வந்துவிட்டால் நோயாளியை மருத்துவமனைக்குத் தூக்கிப் போவது, காணாமல் போன படகைத் தேடுவது. ஐம்பது வருடத்துக்கு முன் ஷாக்கிள்டன் செய்த தேடுதல், அதே ஓடுதளத்திலிருந்து, வேறு கொடியில்.

அதே கேள்வியும் கூடவே வந்தது. சீருடை போட்ட அந்நியர்கள் எதற்கு? ஹெலிகாப்டரை ஓட்டத்தான் வந்தார்களா, வேறு எதற்காகவுமா? அட்டூவில் இந்தியா கட்டிக் கொடுத்த பெரிய காவல்துறைப் பயிற்சிக் கல்லூரியும், அங்கே ஒரு துணைத் தூதரகம் திறக்கும் திட்டமும் சந்தேகத்தை வளர்த்தன. 'இந்தியாவே வெளியேறு' என்ற இயக்கம் கிளம்பியது. 2023 நவம்பரில் முகமது முய்ஸு அந்த வாக்குறுதியோடு அதிபரானார். வெளியேற வேண்டியிருந்தவர்கள் மொத்தம் நூறு பேர் கூட இல்லை. நம்ம ஊர் தொலைக்காட்சிகளில் அப்போது நடந்த கூச்சலைக் கேட்டபோது, ஹெலிகாப்டர் கொடுத்தவர்களுக்கு நன்றி கெட்டவர்கள் என்ற ஒரே பாட்டுதான். கன்னின் பழைய கதை தெரிந்திருந்தால் அவர்களுடைய பயம் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சமாவது புரிந்திருக்கும். இன்னொரு பக்கம், பக்கவாதம் வந்த அப்பாவோடு தென்கோடித் தீவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஹெலிகாப்டரின் வால் பகுதியில் எந்த நாட்டுக் கொடி இருக்கிறது என்பது முக்கியமில்லை. இரண்டு நியாயத்தையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஒரு சமரசம். ஹெலிகாப்டர்களும் விமானமும் இருக்கட்டும், சிப்பாய்கள் போகட்டும், அவர்களுக்குப் பதில் இந்தியாவிலிருந்தே சிவிலியன் தொழில்நுட்ப ஆட்கள் வரட்டும். 2024 மே 10 க்குள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். முதல் குழு வெளியேறிய இடம் கன். மாதம் மார்ச். 1976 இல் பிரிட்டிஷார் போனதும் ஒரு மார்ச் மாதத்தில்தான்.

ஃபேதூவிலிருந்து கன்னுக்கு இப்போது தோணி வேண்டியதில்லை. தீவுகளை இணைத்துக் கடலுக்குள் சாலை போட்டிருக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் சில நிமிடங்களில் போய்விடலாம். விமான நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் காலையில் அந்த வழியாக வருகிறார்கள், வேலை முடிந்ததும் ஃபேதூவுக்கும் மரதூ-ஃபேதூவுக்கும் திரும்பிப் போகிறார்கள்.